பத்துக்குள் பதின்மூன்று!

பேட்டரி அறைக்குள் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது...

தாழ்வாரத்தில் டூல்பாக்ஸோடு வந்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். அடிப்பது அவனுடைய போன் இல்லை. எப்போதும் பூட்டியிருக்க வேண்டிய கதவு இப்போது வெறுமனே சாத்தியிருந்தது. தோளால் தள்ளினான்.

ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக பேட்டரிகள். அவற்றின் சூடு. அந்தச் சூட்டில் எப்போதும் கிளம்பும் புளித்த வாடை. இரண்டாவது வரிசையின் கோடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு காலில் செருப்பு இல்லை.

குப்புறக் கிடந்தவர் பேக்கப் இன்ஜினியர். கம்பெனியில் அவருக்கு 'மூட்டை' என்று பெயர். ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் தினமும் நகலெடுத்து, மூட்டை கட்டி, பத்திரமாக எடுத்துவைப்பதுதான் அவர் வேலை. பின்மண்டையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. சட்டைப் பையில் போன் மட்டும் உயிரோடு இருந்தது.

எலெக்ட்ரீஷியன் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தான். அந்த போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"எச்சரிக்கை," என்றது ஒரு பெண் குரல். உணர்ச்சியே இல்லாத இயந்திரக் குரல். "ஸ்டோரேஜ் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உடனே கவனிக்கவும்."

கவனிக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்!

*

எலெக்ட்ரீஷியன் முதலில் கூப்பிட்டது போலீஸை இல்லை. அக்காவை.

அக்கா அதே கட்டிடத்தில் நாலாவது மாடியில் ஸ்டோரேஜ் பொறுப்பாளர். யார் வந்து புது மெஷினுக்கு இடம் கேட்டாலும் 'டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு சொல்றேன்' என்பாள். அதனால் பழையவர், புதியவர் எல்லோருக்கும் அவள் 'டேங்க் மேடம்'. பெற்றவர்கள் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, இங்கேயே வேலையும் வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிட்டானா என்று இன்றைக்கும் போன் போட்டுக் கேட்கிறவள். அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அவள் படியிறங்கி ஓடி வந்து போலீஸுக்குச் சொன்னதும், அடுத்த தெருவில் இருந்த ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தன் கைக்கடிகாரத்தையே இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மணியை நம்புகிற ஆசாமி. கூடவே வந்த டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே உயிர் போயிருக்கும் என்றார்.

அடித்தது ஸ்பேனரால். ஸ்பேனர் எலெக்ட்ரீஷியனுடையது. அறைச் சாவி எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று, செக்யூரிட்டி அலமாரியில் ஒன்று. அலமாரியில் இருக்க வேண்டியது அதன் ஆணியிலேயே தொங்கியது. போதாக்குறைக்கு, முந்தின நாள் காபி மெஷின் பக்கத்தில் நின்று, 'இனிமே பேட்டரி ரூம்ல உன் அட்டைப்பெட்டியை வெச்சேன்னா மண்டையைப் பொளந்துடுவேன்' என்று எலெக்ட்ரீஷியன் மூட்டையிடம் கத்தியதை அந்த மாடியே கேட்டிருந்தது.

சொன்னபடி மண்டை பிளந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"அக்கா... நான் போனை மட்டும்தான் எடுத்தேன்," என்றான் தம்பி. கையில் விலங்கு.

"தெரியும்டா."

"உன் தலை மேல சத்தியமா..."

"சத்தியமெல்லாம் எதுக்கு? நீ போ. நான் வரேன்," என்றாள். குரல் உடையாமல் சொல்லிவிட்டாள். ஜீப் கிளம்பிய பிறகுதான் அழுகை வந்தது.

பேட்டரி அறைக்கு நேர் எதிரே தாழ்வாரத்தில் ஒரு கேமரா இருந்தது. அதைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா? இன்ஸ்பெக்டரும் அதைத்தான் கேட்டார். கட்டிடத்தின் செக்யூரிட்டித் தலைவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மீசைக்காரர், அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். எல்லோரும் அவரை 'கேப்டன்' என்பார்கள். பதிவு காலி! இன்றையது மட்டும் இல்லை, கடந்த ஒரு மாதத்தில் பெரும்பகுதி சுத்தமாகக் காணோம். கோளாறாக இருக்கலாம் என்று கேப்டன் வருத்தப்பட்டார். ஒயரோடு விளையாடுகிறவனுக்குக் கேமராவைக் கெடுப்பது பெரிய வேலையா என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

போகிறபோது கேப்டன் டேங்க் மேடத்தின் தலையில் கை வைத்தார்.

"கவலைப்படாதேம்மா. உன் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. நான் இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

*

நாலாவது மாடியில் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே மேனேஜர் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எழுதுகிற மெயில் ஒவ்வொன்றையும் 'அவசரம்' என்று ஆரம்பிக்கிறவர். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அது உண்மை.

ஸ்டோரேஜ் தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்றார்.

நூறு ஆனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்டோரேஜை நம்பித்தான் ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் ஓடின. நிஜமாக மேஜை மேல் வைத்த கம்ப்யூட்டர்கள் இல்லை. பெரிய இயந்திரங்களுக்குள் குடித்தனம் இருக்கும் விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் 'உனக்குப் பத்து', 'உனக்கு இருபது' என்று இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லிவைப்பார்கள். சொன்னதையெல்லாம் கூட்டினால் உண்மையில் இருப்பதைப்போல இரண்டு பங்கு வரும். ஐநூறு பேரைக் கூப்பிட்டுவிட்டு முந்நூறு நாற்காலி போடுகிற கணக்கு. என்றைக்காவது ஐநூறு பேரும் வந்துவிட்டால்... எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் உறைந்துபோகும். ஆபரேஷன் நடுவில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒன்றும் இருக்காது.

யார் இவ்வளவு சாப்பிட்டது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினாள். இன்றைக்கு அதிகம் வளர்ந்தது எது என்று வரிசைப்படுத்தினாள். முதல் இடத்தில் இருந்தது கேமரா மெஷின். கட்டிடத்தின் எல்லாக் கேமராக்களும் படத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற மெஷின் அது.

அதற்கு எதிரே மூன்று எண்கள் இருந்தன. ஒதுக்கியதாகச் சொன்ன இடம், பத்து டெராபைட். 'நான் பயன்படுத்துவது இவ்வளவுதான்' என்று அந்த மெஷினே சொல்வது, இரண்டு. கீழே நிஜமான டிஸ்க்கில் அது பிடித்துவைத்திருக்கும் இடம்...

பதின்மூன்று!

அவள் முதுகு நிமிர்ந்தது. பத்து லிட்டர் குடத்துக்குள் பதின்மூன்று லிட்டர் எப்படி இருக்கும்?

ஒரே ஒரு வழியில்தான் இருக்கும். அந்த மெஷின் மேல் யாரோ ஸ்னாப்ஷாட் எடுத்திருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் பழைய டிஸ்க் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவது, திருத்துவது, அழிப்பது எல்லாம் பக்கத்தில் தனி ஃபைலில் சேரும். பத்து கீழே, மூன்று பக்கத்தில்.

எடுத்தது யார் என்று பார்த்தாள். மூட்டையின் பெயர்.

எப்போது? மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

மதியத்துக்கு வெகு முன்பே மூட்டை செத்துப்போயிருந்தார்!

  செத்த மனிதர் எழுந்து வந்து ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாரா?

அப்புறம் நினைவு வந்தது. போன வாரம் மூட்டை அவளிடம் அலுத்துக்கொண்டார். கேமரா மெஷின் தினமும் மாறுகிற அளவு ஏறிக்கொண்டே போகிறது, ராத்திரி நேரம் எல்லா மெஷினையும் மூட்டை கட்டப் பத்தவில்லை, அதனால் கேமராவை மட்டும் மதியத்துக்கு மாற்றிவிட்டேன் என்றார். இதை அவளிடம் மட்டும்தான் சொன்னார். மற்ற எல்லோருக்கும் இங்கே பேக்கப் என்றால் ராத்திரி நடக்கிற சமாச்சாரம்.

ஆள் செத்தாலும் அவர் வைத்துவிட்டுப் போன வேலை நிற்காது. மதியம் ஆனதும் அவர் பெயரிலேயே பேக்கப் தானாகக் கிளம்பியிருக்கிறது. முதல் வேலையாக ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறது. நகல் போய்ச் சேர வேண்டிய பெட்டியிலும் இடம் பத்தாமல் பாதியில் நின்றுவிட்டது. முடிந்திருந்தால் தானே ஸ்னாப்ஷாட்டை அழித்திருக்கும். முடியாததால் அது அப்படியே நிற்கிறது.

கொன்றவன் அதற்குப் பிறகு நிதானமாக வந்திருக்கிறான். ராத்திரி பேக்கப்புக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பதிவை அழித்து, அது இருந்த இடத்தின் மேலேயே பூஜ்யங்களாக எழுதித் துடைத்திருக்கிறான். அவன் துடைக்கத் துடைக்க அந்தப் பக்கத்து ஃபைல் வீங்கியிருக்கிறது. அந்த வீக்கம்தான் எச்சரிக்கை மணியை அடித்திருக்கிறது.

காலையில் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தது கீழே உறைந்த டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது!

 

*

பார்க்க வேண்டுமென்றால் கேமரா மெஷினின் பாஸ்வேர்ட் வேண்டும். அது கேப்டனிடம்தான் இருக்கும். போன் போட்டாள்.

"கேப்டன் சார், அழிச்ச படம் அழியல."

"என்னம்மா சொல்றே?"

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

"நல்ல வேளைம்மா. கடவுளாப் பார்த்துக் காட்டியிருக்கார்."

"பாஸ்வேர்ட் குடுத்தீங்கன்னா இப்பவே திறந்துடுவேன் சார். கொஞ்சம் சீக்கிரம். ஸ்டோரேஜ் வேற தொண்ணூத்திரண்டுல நிக்குது. இன்னும் ஏறிச்சுன்னா அந்த ஸ்னாப்ஷாட்டை நானே அழிச்சாகணும்."

"அழிச்சா?"

"படம் போயிடும் சார். சுத்தமா."

"ஐயோ... அப்படி எதுவும் பண்ணிடாதே. பாஸ்வேர்டை எங்கயோ வெச்சிருக்கேன். தேடி எடுத்துட்டு நானே வரேன்." குரல் தாழ்ந்தது. "மேனேஜர்கிட்ட இதைப் பேசாதேம்மா. அந்த ஆள் மேல எனக்கு ரெண்டு நாளா ஒரு கண்ணு இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேனேஜர் யாருடனோ போனில் கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வியர்த்து வழிந்தது. இத்தனை ஏ.ஸி.யில் எதற்கு வியர்க்கிறது?

*

கேப்டன் வரவில்லை. தொண்ணூற்றிமூன்று வந்தது.

தொண்ணூற்றிநாலு...

கேமரா மெஷின்தான் மறுபடி வீங்கிக்கொண்டிருந்தது. அவள் கேப்டனைக் கூப்பிட்டு, அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது என்றார் கேப்டன். கொலைகாரனின் கூட்டாளி கட்டிடத்துக்குள்ளேயே இருக்கலாம், இந்த நேரத்தில் கேமரா நின்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. பாஸ்வேர்ட் இதோ கிடைத்துவிடும் என்றார்.

அவள் யாருக்கும் வேண்டாத பழைய சோதனை மெஷின்களைத் தேடித் தேடி அழித்தாள். ஒரு சதவீதம் இறங்கியது. உட்கார்ந்து நிமிர்வதற்குள் இரண்டு ஏறியது. இனியும் தாங்காது என்று இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து கெஞ்சினாள். அவர் வந்தார். ஆனால் நம்பிக்கையோடு வரவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். என் போன்ல இடம் இல்லேன்னா மச்சினன் அனுப்பற குட்மார்னிங் படத்தையெல்லாம் அழிப்பேன். இடம் வந்துடும். உங்க ஊர்ல மட்டும் அழிச்சா எப்படி ஏறும்?"

"சுவத்துல எழுதினதை அழிக்கறதா நினைச்சு, மேல ஒட்டின காகிதத்துல வெள்ளையடிக்கறான் சார். அடியில எழுத்து அப்படியே இருக்கு. காகிதம்தான் கனமாகிட்டே போகுது."

"காகிதத்தைப் பிச்சுட்டுப் பார்க்க வேண்டியதுதானே?"

"அதுக்குத்தான் பாஸ்வேர்ட் வேணும்."

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். தொண்ணூற்றியாறு. அவருக்கும் கணக்குத் தெரியும். எது அதிகமாகச் சாப்பிடுகிறது என்று அவரும் பார்த்திருந்தார்.

"அந்த ஸ்னாப்ஷாட்டை அழிங்க."

"முடியாது சார்."

"நகருங்க, நான் அழிக்கறேன்."

அவள் கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் பார்வை மேனேஜரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஆதாரத்தை அழிக்க இந்த மனிதருக்கு ஏன் இத்தனை அவசரம்?

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க தம்பிக்காக நிக்கறீங்க. தப்பு சொல்ல மாட்டேன்," என்றார் மெதுவாக. "ஆனா அங்க வென்டிலேட்டர்ல படுத்திருக்கறவங்களும் யாருக்கோ தம்பிதான்."

 அவர் சொன்னது சரி. அதுதான் கொடுமை.

தொண்ணூற்றியேழு.

இனி நிறுத்திவைக்க யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். கேப்டன் என்ன சொன்னாலும் சரி, கேமரா மெஷினை அப்படியே உறையவைத்துவிட வேண்டியதுதான். மௌஸை எடுத்தாள். 'நிறுத்து' பொத்தானுக்கு மேல் அம்பு போய் நின்றது. பக்கத்திலேயே அந்த மெஷினின் வளர்ச்சிக் கோடு வரைபடமாக ஓடிக்கொண்டிருந்தது.

விரல் அழுத்தவில்லை.

கோடு மதியத்துக்குப் பிறகு செங்குத்தாக ஏறியிருந்தது. துடைத்த நேரம். பிறகு மட்டமாகப் படுத்துவிட்டது. துடைத்து முடித்தாகிவிட்டது. ரொம்ப நேரம் படுத்தே கிடந்த கோடு, சாயங்கால வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் மறுபடி தலைதூக்கி ஏற ஆரம்பித்திருந்தது.

வேலை முடிந்துபோனவன் மறுபடி ஏன் எழுதுகிறான்?

துடைப்பதற்காக இல்லை. நிரப்புவதற்காக! நிரம்பினால் அவளே ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுவாள் என்று தெரிந்தவன். ஸ்னாப்ஷாட் என்று ஒன்று இருப்பதே தெரிந்தவன். கோடு எந்த நிமிடத்தில் தலைதூக்கியதோ, அதற்குச் சற்று முன்னால்தான் அவள் போனைக் கீழே வைத்திருந்தாள்.

வழியைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தன் வாயாலேயே, 'இன்னும் ஏறிச்சுன்னா அழிச்சாகணும்' என்று. அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"சார்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.  "மேனேஜரை விடுங்க. ஸ்னாப்ஷாட் விஷயத்தை உங்களுக்கு முன்னாடி நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக எதையோ ஒரே தடவையில் நம்பினார்.

"இப்ப இந்த நிமிஷமும் எழுதிட்டு இருக்காரா?"

"இருக்கார். நான் இதை அழுத்தினா நின்னுடும்."

"அழுத்தாதீங்க. நின்னா உஷாராயிடுவார். நான் அவர் கதவைத் திறக்கற வரைக்கும் ஓடட்டும். கை எழுதிட்டு இருக்கும்போதே பிடிக்கணும்." தன் போனில் அவளைக் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் குரல் கேட்டதும் அழுத்துங்க."

அவர் படியில் இறங்கும் பூட்ஸ் சத்தம் அவள் காதில் இருந்த போனில் கேட்டது. மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

தொண்ணூற்றியெட்டு...

மூன்றாவது மாடி. யாரோ வழிமறித்து ஏதோ கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் பதில் சொல்லாமல் தாண்டினார். இரண்டாவது மாடி. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து மேனேஜரின் போனுக்கு அழைப்பு வந்தது. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதாம். அவர் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

தொண்ணூற்றியொன்பது!

"அழுத்துங்க மேடம்," என்றார் மேனேஜர். அழுகைக்குப் பக்கத்தில் இருந்தார்.

போனில் பூட்ஸ் சத்தம் நின்றது. கதவுக் கைப்பிடி திரும்பியது. நாற்காலி ஒன்று பின்னால் இழுபடும் ஓசை...

"என்ன கேப்டன், பாஸ்வேர்ட் கிடைச்சுதா?"

அழுத்தினாள்.

கோடு நின்றது.

*

கேப்டனின் திரையில் ஒரே வீடியோ ஃபைல் நூற்றுக்கணக்கான நகல்களாக வரிசையில் நின்றது. அடுத்த நகல் பாதியில் உறைந்திருந்தது. மௌஸ் மேல் கை. கையும் களவுமாக என்பதற்கு இதைவிட நேரடியான அர்த்தம் கிடையாது.

மீசை முதலில் நடுங்கியது. அப்புறம் ஆள். ஒரு மணி நேரம் எதையெதையோ சொல்லிப் பார்த்தார். கேமரா சோதனை என்றார். கை தவறி என்றார். இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து, படம் பத்திரமாக இருக்கிறது, மேடம் மேலே திறக்கத் தயாராக இருக்கிறார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பாஸ்வேர்டை நீங்களே சொல்லிட்டா மரியாதையா இருக்கும். சொல்லலேன்னா ஆளை வரவழைச்சு உடைப்போம். எப்படியும் அதுல நீங்கதான் வரப்போறீங்க."

கேப்டன் உடைந்தார். பாஸ்வேர்டையும் சொன்னார். மற்றதையும் சொன்னார்.

சிகிச்சையில் நடந்த தவறுகளால் செத்துப்போனவர்களின் கேஸ் ஃபைல்கள் ஒரு விர்ச்சுவல் மெஷினில் மூடிவைக்கப்பட்டிருந்தன. அதை யாரும் தொடக் கூடாது. தொடாத மெஷினில் மாற்றம் இருக்காது, மாறியதை மட்டும் எடுக்கிற தினசரி பேக்கப்பும் அநேகமாக ஒன்றுமே இருக்காது. ஆனால் கொஞ்ச நாளாக அந்த மெஷினின் மூட்டை மட்டும் தினமும் கனத்துக்கொண்டே வந்தது. காசு வாங்கிக்கொண்டு கேப்டன் கொடுத்த நுழைவு பாஸில் உள்ளே வந்தவர்கள் பழைய ஃபைல்களைத் திறந்து, சாவுக்கான காரணத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களின் வீட்டார் கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் மிஞ்சாது. ஃபைலைத் திருத்த வந்தவர்கள் கேமராவில் இருப்பார்கள் என்றுதான் ஒரு மாதப் பதிவும் போனது.

மூட்டைக்கு அது உறுத்தியது. பாதுகாப்புச் சம்பந்தமான விஷயம் ஆயிற்றே, பாதுகாப்புத் தலைவரிடம்தானே சொல்ல வேண்டும்? நல்ல மனிதர், அப்படியே செய்தார். இரைச்சல் இல்லாத இடத்தில் பேசலாம் என்று கேப்டன் அலமாரிச் சாவியால் திறந்து அவரைப் பேட்டரி அறைக்குக் கூட்டிப்போனார். எலெக்ட்ரீஷியன் மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்பேனர் அங்கே கிடந்தது. முடிந்த பிறகு கதவைப் பூட்ட மறந்து, சாவியை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் எழுதிய வாக்குமூலத்தின் கீழே கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

*

அதற்குப் பிறகுதான் ஸ்னாப்ஷாட் திறந்தது.

நாலாவது மாடியில் எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். கைவிலங்கோடு கேப்டனையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். டேங்க் மேடம் அன்றைய காலைப் பதிவைத் தேடி, தாழ்வாரக் கேமராவைத் தேர்ந்தெடுத்து, ஓடவிட்டாள்.

படம் வந்தது.

ஒரு ட்யூப்லைட். அதைச் சுற்றி வெள்ளைக் கூரை. கூரையில் ஒரு பல்லி.

வேகமாக ஓட்டினாள். பல்லி நகர்ந்தது. ஒரு பூச்சி வந்தது. பல்லி பூச்சியைப் பிடித்தது. காலை முழுக்க அவ்வளவுதான்.

"கதவு எங்க?" என்றார் மேனேஜர்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி ஆள் தொண்டையைச் செருமினார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். தாழ்வார நாற்காலியில் அவர்கள் கொஞ்சம் கண்ணசந்தால் கேப்டன் கேமராவில் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் காது கிழியக் கத்துவார். அதனால் ஒரு மாதத்துக்கு முன்னால் கேமராவைக் கொஞ்சம் மேலே பார்க்கும்படி திருப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் கேப்டன் கத்தவே இல்லை. திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அழிப்பதற்கு முன்னால் கேப்டன் அந்தப் பதிவை ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். கொலை செய்தவருக்குத் தன் முகத்தைப் பார்க்க எப்படி மனசு வரும்?

கேப்டன் தலையைத் தூக்கிப் பல்லியைப் பார்த்தார். பேயறைந்ததுபோல் நின்றார். துடைத்திருக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது! எலெக்ட்ரீஷியன் ஜெயிலுக்குப் போயிருப்பான். இவர் மீசையை முறுக்கிக்கொண்டு பென்ஷன் வாங்கியிருப்பார்.

டேங்க் மேடம் பல்லியிலிருந்து கண்ணை எடுத்து ஸ்டோரேஜ் எண்ணைப் பார்த்தாள். இந்தப் பல்லிக்காகவா ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளைத் தொண்ணூற்றியொன்பதில் நிறுத்தினோம் என்று நினைத்தபோது உண்மையிலேயே பயமாக இருந்தது. முதல் காரியமாக ஸ்னாப்ஷாட்டின் நகலைப் போலீஸின் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இங்கே இருந்த ஸ்னாப்ஷாட்டை அழித்தாள். எண் இறங்க ஆரம்பித்தது. மேனேஜர் நீண்ட நேரம் கழித்து நகத்தை வாயிலிருந்து எடுத்தார்.

தம்பியை அழைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் வந்தார். சட்டை கசங்கி, தலை கலைந்து, ஆனால் முழுசாக இருந்தான்.  அக்கா அவன் காலரைச் சரிசெய்தாள், அப்புறம் மறுபடியும் சரிசெய்தாள். சாப்பிட்டியாடா என்று கேட்டாள். 

"எங்கக்கா சாப்பிடறது?" என்றான் அவன். "லாக்கப்ல நாலு பேர் படுக்கற இடத்துல பதினோரு பேர். கை நீட்டக்கூட இடம் இல்லை. நான் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னேன்."

தொழில் புத்தி எங்கே போகும்? அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். ஏற்கெனவே நிரம்பி வழிகிற இடத்தில் கேப்டனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, கேப்டனின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"உங்க தம்பி வெளியே, இவர் உள்ளே. எங்க டேங்க்ல அளவு ஏறவே ஏறாது மேடம்!"